தொழிற்சங்கம் நடத்தும் பாதுகாப்புப் பிரதிநிதிப் பயிற்சியால் பயன் உண்டா? நிறுவனமே பயிற்சி தரும்போது அது எதற்கு?

நீங்கள் இப்போதுதான் பிரதிநிதியாகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேறு யாரும் முன்வராததால் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். நிறுவனத்தின் அரை நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழும் வாங்கியிருப்பீர்கள். அதற்கு மேல் சங்கம் வேறு மூன்று நாள் கூப்பிடுகிறதே என்ற சலிப்பு கேள்வியிலேயே தெரிகிறது.

சங்கத்துக்காரன் சங்கத்தைத்தான் புகழ்வான் என்று எழுத விரல் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதே சலிப்பில் அந்தப் பயிற்சிக்குப் போகாமலே நான்கு ஆண்டுகள் பிரதிநிதியாக இருந்தவன் நான்.

நான் வேலை பார்த்தது பிரஸ் பிரிவில், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரங்கள் இருக்கும் இடத்தில். தகட்டை டையில், அதாவது வடிவம் தரும் அச்சில், வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கைகள் இரண்டும் பொத்தானில் இருக்கும்போது டைக்குள் எந்தக் கையும் இருக்க முடியாது. அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். எங்கள் பிரிவிலோ பாதி இயந்திரங்களில் இடது பொத்தானை ஒரு மரச் சக்கை செருகி அழுத்தியே வைத்திருப்பார்கள். வலது கை பொத்தானைத் தட்டும், இடது கை தகடு மாற்றும். எனக்குத் தெரியும், ஃபோர்மேனுக்கும் தெரியும். மாதா மாதம் ஆய்வுப் படிவத்தில் ‘இயந்திரப் பாதுகாப்பு அமைப்புகள் சரியாக உள்ளன’ என்ற வரிக்கு எதிரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஒரு இரவு ஷிஃப்டில், என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடும் பையன் ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. விசாரணை அறிக்கை ஒன்றரைப் பக்கம். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. இணைப்பு: நான் கையெழுத்திட்ட படிவம்.

அதன் பிறகுதான் பயிற்சிக்குப் போனேன். நடத்தியவர் இருபது ஆண்டுகள் தையல் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா. முதல் வேலையாக ஒரு மனித உருவத்தைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டி, வேலையால் எங்கெல்லாம் வலிக்கிறதோ அங்கெல்லாம் வண்ணப் பொட்டு ஒட்டச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எரிச்சலாக இருந்தது. பதினாறு பேரும் ஒட்டி முடித்ததும் பார்த்தால், பிரஸ் பிரிவுக்காரர்களின் பொட்டுகள் எல்லாம் காதிலும் வலது தோளிலும் குவிந்து கிடந்தன. என் தோள்வலி எனக்கு வயதாவதால் வருவது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நிறுவனத்தின் வகுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இரண்டாம் நாள்தான் உறைத்தது. அபாயத்தைச் சமாளிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அதை அடியோடு நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அபாயம் குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்துக்குத் தடுப்பு. பிறகு வேலை முறையில் மாற்றம். கையுறையும் காதடைப்பானும் எல்லாவற்றுக்கும் கடைசி. எங்கள் நிறுவனத்தின் வகுப்பு அந்தக் கடைசிப் படியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது. எல்லா நிறுவனமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல பாதுகாப்பு அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன்.

சக்கை கதையைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “யார் செருகினார்கள் என்பதை விடுங்கள் தம்பி. ஏன் செருகினார்கள்?” திரும்பி வந்து அதையே தொழிலாளர்களிடம் கேட்டேன். இரண்டு கைகளையும் பொத்தானுக்குக் கொடுத்தால் ஷிஃப்டுக்கு விதித்த எண்ணிக்கை வராது. எண்ணிக்கை வராவிட்டால் ஊக்கத்தொகை இல்லை. இவ்வளவுதான் காரணம், அறிக்கையின் ஒன்றரைப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

வாயால் சொன்னால் காற்றோடு போகும் என்பதும் அங்கே கற்றதுதான். தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன், நகலில் கையெழுத்து வாங்கினேன். எட்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில் இரண்டு பொத்தான்களையும் அரை வினாடிக்குள் சேர்த்து அழுத்தி, ஒவ்வொரு முறையும் இரண்டையும் விட்டால்தான் பிரஸ் மறுபடி இறங்கும் என்ற கட்டுப்பாடு வந்தது. இனிச் சக்கை செருகிப் பயனில்லை. எண்ணிக்கையை மட்டும் மூன்று இயந்திரங்களுக்குத்தான் குறைத்தார்கள். மற்ற இயந்திரங்களில் நின்றவர்களுக்கு ஊக்கத்தொகை குறைந்தது. அவர்களில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. எண்ணிக்கையையும் பொத்தானையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்க வேண்டும், தனித்தனியாகக் கேட்டது என் தவறு.

இன்னொன்றையும் பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். பாதுகாப்புக்குப் பொறுப்பு நிர்வாகத்துக்கு. பிரதிநிதி சக தொழிலாளியைப் பிடித்துக் கொடுக்கும் காவலர் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை, 1981-இல் வந்தது, தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் தகுந்த பயிற்சி தர வேண்டும் என்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2022-இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இவை எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்பதைப் பயிற்சியில் கேளுங்கள்.

சங்கத்தின் மேல் எனக்கு மனத்தாங்கலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 28, பணியிடப் பாதுகாப்பு நாள், அன்று எங்கள் பிரிவைப் பற்றிச் சங்க இதழில் ஒரு பக்கம் போட்டார்கள். படத்தின் நடுவில் நின்றவர், அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட பிரஸ் பக்கம் எட்டிப் பார்க்காத நிர்வாகி. என் தோளில் பாதி மட்டும் படத்தில் இருக்கிறது, கீழே ‘மற்றும் பலர்’. அந்தத் தோள்தான் வலிக்கிற தோள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

போங்கள். ஆனால் அந்த மூன்று நாளுக்கும் சம்பளத்தோடு நேரம் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். 155-உடன் வந்த 164-ஆம் பரிந்துரை, பயிற்சி சம்பள நேரத்திலேயே நடக்க வேண்டும் என்கிறது. சொந்த விடுப்பில் போகச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒப்புக்கொண்டேன். அந்த மூன்று நாள் விடுப்பை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.