குரல் இல்லாத பிங்க் ஃபிளாய்ட்: நீங்கள் தேடுவது 1995 தொகுப்பு

நண்பர் வீட்டில் பாடகர் குரலே இல்லாமல் கேட்ட பிங்க் ஃபிளாய்ட் தட்டு எது, தேடி வாங்கியது ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது ‘அஸ் அண்ட் தெம்’ என்ற தொகுப்பாகத்தான் இருக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாடல்களைப் பாடகர் இல்லாமல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது; 1995-இல் வெளிவந்தது.

நீங்கள் வாங்கிய தட்டில் டிரம்ஸும் சேர்ந்திசைக் குரல்களும் வருகின்றன என்றால், பெயர்க் குழப்பம் நேர்ந்திருக்கலாம். லண்டன் சிம்பொனி வேறு குழு. ராக் பாடல்களை இசைக்குழுவாக வாசித்து, 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘கிளாசிக் ராக்’ தட்டு வரிசை அவர்களுடையது. ராயல் ஃபில்ஹார்மோனிக் இன்னொன்று. மூன்றும் லண்டன் என்பதால் எளிதில் மாறிவிடும்.

உறையின் பின்புறத்தைப் பாருங்கள். இசைக்கோப்பு ஜாஸ் கோல்மன், நடத்துநர் பீட்டர் ஸ்கோல்ஸ் என்று இருக்க வேண்டும். கோல்மன், கில்லிங் ஜோக் என்ற ராக் குழுவின் பாடகர். மெட்டைச் சர்க்கரைப் பாகில் முக்காமல், அதன் இருளை அப்படியே வயலின்களுக்குக் கைமாற்றியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு இது.

ஒரு எச்சரிக்கை: இதே இருவர் லெட் செப்பலின் என்ற இன்னொரு ராக் குழுவின் பாடல்களுக்கும் 1997-இல் ஒரு தொகுப்பு செய்திருக்கிறார்கள். அதனால் பாடல் பட்டியலையும் படித்துவிட்டு வாங்குங்கள். பிங்க் ஃபிளாய்ட் தொகுப்பில் மெல்லிய இடங்கள் மிகத் தணிந்து ஒலிக்கும். பஸ்ஸில் கேட்டால் பாதி காதில் விழாது.