கங்கையில் ராஃப்டிங்: பத்து வயதுப் பையனை ஏற்றலாமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் ரிஷிகேஷ் போகிறோம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 10. இருவருக்கும் நீச்சல் தெரியும். ராஃப்டிங் கூட்டிப் போகலாமா? எங்கிருந்து ஏறுவது நல்லது?
- வாசகி, திருச்சி

பதில்: மகனை இந்த முறை ஏற்ற வேண்டாம். காற்றடைத்த படகில் ஆற்று அலைகளைத் தாண்டிப் போகும் ராஃப்டிங்குக்கு உத்தராகண்டில் குறைந்தபட்ச வயது 14. "14 என்று எழுதிவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லும் ஆளிடம் மகளைக்கூட ஒப்படைக்காதீர்கள். அலை தூக்கி அடிக்கும்போது நம்மைப் படகோடு பிடித்து வைப்பது, காற்றடைத்த குறுக்குக் குழாய்க்கு அடியில் செருகிய பாதம்தான். விளிம்பில் உட்காரும் சின்னப் பிள்ளைக்குக் கால் அங்கே சரியாக எட்டாது. நீச்சல்குளப் பழக்கமும் இங்கே பெரிதாக உதவாது. மே மாதத்திலும் கங்கையில் வருவது பனி உருகிய தண்ணீர். சட்டென்று உள்ளே விழுந்தால் குளிரில் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் ஆபத்து. பெற்றோரில் ஒருவர் மகனோடு இருங்கள். மாலையில் எல்லோரும் சேர்ந்து திரிவேணி கட்டத்தில் ஆரத்தி பார்க்கலாம்.

மகளுக்கு முதல் தடவை என்றால் பிரம்மபுரியில் ஏறி ரிஷிகேஷ் வரை வரும் 9 கிலோமீட்டர் போதும். சிவபுரியிலிருந்து வந்தால் சுமார் 16 கிலோமீட்டர்; ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கும் பெரிய அலைகள் அந்த வழியில்தான். கௌடியாலாவிலிருந்து வரும் 35 கிலோமீட்டர் பயணம் இப்போது வேண்டவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளத்துக்காக ராஃப்டிங்கையே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: லைஃப் ஜாக்கெட் சரியான அளவா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், மதுரை

பதில்: எல்லா பக்கிளையும் மாட்டி, வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு பிள்ளையின் பின்னால் நின்று, ஜாக்கெட்டின் இரண்டு தோள்வாரையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி, மோவாய் உள்ளே புதைந்தால் அது பெரிசு, வேறு கேளுங்கள். கேட்கக் கூச்சப்படவே கூடாது. தண்ணீரில் ஆளை விட்டுவிட்டு ஜாக்கெட் மட்டும் மேலே வருவது இப்படித்தான். நனைந்ததும் வார் தளரும் என்பதால், முதல் அலை தாண்டியதும் மறுபடி இழுத்துப் பாருங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், பின்னால் சரியக் கூடாது.

துடுப்பின் மேல்நுனியில் இருக்கும் 'டி' பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்கட்டும். அதை விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் இடிக்கும்.

கேள்வி: விழுந்துவிட்டால்?
- வாசகி, ஈரோடு

பதில்: மல்லாந்து, கால்களை நீர் ஓடும் பக்கம் நீட்டி, பாதம் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் சிக்கினால் நீரோட்டம் உடம்பை முன்னால் தள்ளி முகத்தை உள்ளே அமுக்கிவிடும். கைடு கயிறு வீசினால் கயிற்றைப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றக் கூடாது. பிடித்ததும் கயிறு தோளுக்கு மேலே போகும்படி மல்லாந்தே இருந்தால் முகம் நீருக்கு வெளியே இருக்கும். இதையெல்லாம் முதல் நாள் ராத்திரியே அறைக் கட்டிலில் படுக்க வைத்து இரண்டு முறை செய்து காட்டுங்கள். கரையில் கைடு இந்தியில் வேகமாகச் சொல்லும்போது பிள்ளைகளுக்குப் பாதிதான் புரியும்.

கேள்வி: மகள் கண்ணாடி போடுவாள். கழற்றிவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம், கைடின் சைகை தெரிய வேண்டும். பின்கழுத்தில் இறுக்கும் கயிறு கட்டுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. செருப்புக்குப் பதில் பின்வார் உள்ள சாண்டல் போடுங்கள்.