வர்ணக் கண்ணாடி யன்னல் துடைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருவிழாவுக்கு முன்னம் கோயிலின் வர்ணக் கண்ணாடி யன்னல்களைத் துடைக்க வேணும். கடையில் விற்கும் நீலத் திரவத்தைப் பாவிக்கலாமா? (குருநகர்)

வேண்டாம். அந்தத் திரவங்கள் பலவற்றில் அமோனியா இருக்கும். கண்ணாடி தாங்கும், அதன்மேல் தீட்டிய படம் தாங்காது. முகம், கை, சேலை மடிப்பு எல்லாம் கண்ணாடித் தூளும் உலோக ஒட்சைட்டும் கலந்து தீட்டி, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூளையில் சுட்டு ஒட்டவைத்தவை. சூளையில் சூடு போதாமல் போன பூச்சு, காலம் போனதும் பஞ்சு பட்டாலே உதிரும்.

ஆகவே முதலில் ரோர்ச் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பூச்சு பெரும்பாலும் உட்பக்கத்தில்தான் இருக்கும். செதில் எழும்பியோ மாவாகவோ தெரிந்தால் அந்தத் துண்டைத் தொடாமல் விடுங்கள். உறுதியாகத் தெரிந்தால் ஓரத்துக் கோடு ஒன்றில் ஈரப் பஞ்சை உருட்டிப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் அது வெறும் அழுக்காகவும் இருக்கலாம். கோடு மெலிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும்.

துடைப்பதற்கு வடிநீர் போதும். பற்றரிக்கு விடும் தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். பற்றரி அசிட் போத்தலும் அதே தட்டில் இருக்கும், லேபலை வாசிக்காமல் எடுக்காதீர்கள். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்துப் பிழிந்து, ஒரு துண்டுக் கண்ணாடியில் உருட்டுங்கள். தேய்க்கக் கூடாது. பஞ்சு கறுத்தவுடன் எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். எண்ணெய்ப் புகை போகாவிட்டால், பூச்சில்லாத துண்டுகளில் மட்டும், 1 லீற்றர் வடிநீரில் மணமும் நிறமுமில்லாத மென் சவர்க்காரத் திரவம் 2, 3 துளி விட்டுத் துடைத்து, பிறகு வெறும் வடிநீரால் இரண்டு தரம் எடுங்கள். ஹோஸ் பைப், வாளித் தண்ணீர் இரண்டும் கூடாது. கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப்பட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். வெள்ளைப் புள்ளி படிந்துவிட்டது. வினாகிரி, தேசிக்காய்ப் புளி விடலாமா? (நல்லூர்)

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுகின்றன. தண்ணீர் காய, சுண்ணாம்பு நிற்கும். குளியலறைக் கண்ணாடியென்றால் வினாகிரி நல்ல மருந்துதான். இங்கே பக்கத்தில் ஈயம் இருக்கிறது. அசற்றிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். பூச்சில்லாத துண்டில் வடிநீர்ப் பஞ்சை 10, 15 நிமிடம் ஒட்டிவைத்து, இளகியதை மூங்கில் சீவலால் மெதுவாகத் தள்ளுங்கள். போகாத மிச்சத்தை அப்படியே விடுங்கள். தூர நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாது.

ஈயப்பட்டியில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. தும்புத்தடியால் தட்டிவிடலாமா? (பண்டத்தரிப்பு)

அந்தத் தூள் ஈயச் சேர்மம், நஞ்சு. உலர்ந்தபடி தட்டினால் காற்றில் கலக்கும். வீட்டு வக்கூம் கிளீனரும் நுண்தூளை மறுபக்கத்தால் வெளியே ஊதும். கையுறை போட்டு, ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி அகற்றுங்கள். சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வேலை முடிந்து கை, முகம் கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாதீர்கள்.

தூளைத் துடைப்பதோடு விடாமல் காரணத்தையும் தேடுங்கள். புது மரச் சட்டமும், வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கனும் இதைச் செய்யும்.

மழைக்கு ஒழுகுகிறது. சிலிக்கன் அடித்தால் சரிதானே? (வட்டுக்கோட்டை)

மேலே சொன்ன காரணத்தால் சரியில்லை. பிறகு கழற்றுவதும் பெரும்பாடு. ஒழுகுவது, ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்த பழைய மக்கு உதிர்ந்ததால். மென்மையான சோக்குத் தூளில் லின்சீட் ஒயில் விட்டு, ரொட்டி மாப் பதத்தில் பிசையுங்கள். நிறத்துக்கு விளக்குக்கரி கொஞ்சம். பெருவிரலால் ஈயத்தின் உதட்டுக்குள் அழுத்தி, மிஞ்சியதைக் குச்சியால் வெட்டி, சோக்குத் தூள் தூவி மென் தூரிகையால் எடுங்கள். பூச்சுள்ள துண்டின் பக்கம் இதைச் செய்யாதீர்கள். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இதற்கு முன் உள்ளங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஆடினாலோ, குறுக்கு இரும்புக் கம்பியோடு கட்டிய செப்புக் கம்பி அறுந்திருந்தாலோ, யன்னல் வயிறு தள்ளி நின்றாலோ துடைக்கவும் வேண்டாம், மக்கு அழுத்தவும் வேண்டாம். அது ஈயவேலை தெரிந்தவர் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை. கடற்கரைப் பக்கமென்றால் அந்த இரும்புக் கம்பியின் நுனிகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் துரு ஊதி, பதித்த கல்லையே பிளக்கும்.

ஈயத்தைப் பித்தளை பொலிஷ் போட்டு மினுக்கலாமா? (சாவகச்சேரி)

கூடாது. அந்தக் கருஞ்சாம்பல் நிறப் படலம்தான் ஈயத்தின் காவல்.

புறா எச்சம்? (கொழும்புத்துறை)

சுரண்டாதீர்கள், உள்ளே மணல் இருக்கும், கீறும். முகக்கவசம் போட்டு, ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டுத் தூக்கி எடுங்கள். பிறகு வெளியே வலை அடியுங்கள்; ஆணி கல்லில் இறங்காமல் சாந்து மூட்டில் இறங்கட்டும்.