பனியன் விலையில் சேராத நொய்யல்

கேள்வி: வளர்ந்துவரும் ஊரில் தொழிலையும் சுற்றுச்சூழலையும் ஒருசேரக் காப்பாற்ற முடியுமா? முதலில் நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும், வசதி வந்த பிறகு ஆற்றைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்பதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அந்த நாலு பேரில், திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரத்துப்பாளையத்து விவசாயி இருக்கிறாரா?

நீங்கள் சொல்லும் யோசனையை உங்கள் பக்கத்து ஊரான திருப்பூர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. பனியன் ஏற்றுமதி சூடுபிடித்ததும் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும். துணி சாயத்தைப் பிடித்துக்கொண்டு உப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். கழிவுநீரின் நிறத்தைப் போக்குவது பெரிய வேலை இல்லை. கரைந்த உப்பைப் பிரிப்பதற்குத்தான் பணம் கரையும். அதனால் ஆரம்பகாலப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, உப்பை அப்படியே நொய்யலுக்கு அனுப்பின.

1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. ‘அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள்’ என்று விவசாயிகளே போராடிய ஊர் வேறெங்காவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். 2004இல் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம்கூட இல்லை. கிணறும் மண்ணும் உப்பாகிப்போனதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஆக, ‘முதலில் தொழில்’ என்ற காலத்தில் செலவே ஆகவில்லை என்று நினைக்காதீர்கள். செலவு ஆனது. அதைப் பட்டறைக்காரர் கொடுக்கவில்லை, வெளிநாட்டில் சட்டை வாங்கியவரும் கொடுக்கவில்லை. கீழே இருந்த விவசாயி கொடுத்தார், அதுவும் அவரைக் கேட்காமலே.

சரி, கட்டுப்பாடு வந்தால் தொழில் செத்துவிடுமா? அப்படித்தான் சொன்னார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்றது. அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டச் சொன்னது. அவகாசம் நீண்டுகொண்டே போனது. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒரேயடியாக மூடச் சொன்னது. ஊரே ஆடிப்போனது. சின்னப் பட்டறைகள் பல திரும்ப எழவேயில்லை, வேலை போனவர்களின் வலி நிஜம். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் என்ன ஆனது? அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவுநீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரங்களும், மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகளும் வந்தன. பிரித்தெடுத்த தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தத் தொடங்கினார்கள். மூடியபோது 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்த பின்னலாடை ஏற்றுமதி, இன்று 30,000 கோடியைத் தாண்டி நிற்கிறது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இது செத்த தொழிலின் கணக்கு இல்லை.

முழு வெற்றி என்று விசில் அடிக்கவும் மாட்டேன். மழை பெய்யும் ராத்திரிகளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பை என்ன செய்வது என்பதும் தீராத தலைவலி. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொண்டு கூடுதல் விலை தரும் வெளிநாட்டு வியாபாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

‘வசதி வந்த பிறகு சுத்தம் செய்யலாம்’ என்கிறீர்களே, ஆற்றில் ஓடும் தண்ணீரை வேண்டுமானால் அப்படிச் செய்யலாம். நிலத்தடிக்கு இறங்கிவிட்ட உப்பை எந்தக் காசைக் கொடுத்து மேலே எடுப்பீர்கள்?

நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறந்து, திருப்பூருக்கு வருமுன் உங்கள் கோவையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் பிரசுரிக்கிறேன்.