பழைய டபுள் கேபின் பிக்கப் வாங்க 8 லட்சம் கடன் எடுக்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் போர்வெல் மோட்டார் இறக்குவது, பழுது பார்ப்பது என் தொழில். மூன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். மாதம் சுமார் 12 நடைக்கு, டீசலும் டிரைவரும் சேர்த்து நடைக்கு 1,500 ரூபாய் என்று வாடகைக்குக் குட்டியானை எடுக்கிறேன். ஆட்கள் பைக்கில் வர மாதம் 4,000 ரூபாய் பெட்ரோல் போகிறது. அவசரத்துக்கு வண்டி கிடைக்காமல் மாதம் இரண்டு வேலைகளாவது கைநழுவுகின்றன; ஒவ்வொன்றிலும் 4,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். தரகர் ஒருவர் 2018 மாடல் இசுஸு வி-கிராஸை 11.5 லட்சத்துக்கும், 2019 மாடல் மஹிந்திரா பொலிரோ கேம்பரை 6 லட்சத்துக்கும் காட்டினார். என் மனம் வி-கிராஸில் இருக்கிறது. வைப்பு நிதியில் 4 லட்சம் இருக்கிறது. அதில் 3.5 லட்சம் போட்டால், மீதி 8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 4 ஆண்டுகளுக்குத் தருவதாக ஒரு நிதி நிறுவனம் சொல்கிறது. எடுக்கலாமா?

பதில்: உங்கள் தொழிலுக்கு டபுள் கேபின் வண்டி தேவைதான், ஆட்களும் மோட்டாரும் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதில் உள்ள வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்தக் கடனில் இந்த வி-கிராஸை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் அந்த 9 சதவீதத்தைப் பார்ப்போம். பழைய வண்டிக் கடனில் இப்படிச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஃபிளாட் வட்டியாகவே இருக்கும். அதாவது, நீங்கள் அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும், முதல் நாள் வாங்கிய முழு 8 லட்சத்துக்கே வட்டி கணக்கிடப்படும். ஆண்டுக்கு 72,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 2,88,000 ரூபாய் வட்டி. மாதத் தவணை 22,667 ரூபாய். இதைக் குறைந்துவரும் அசலுக்கான வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 16 சதவீதம் ஆகிறது. குறைந்துவரும் அசலுக்கு 12 சதவீதம் கேட்கும் ஒரு வங்கியில் இதே கடனுக்கு மாதத் தவணை சுமார் 21,070 ரூபாய்தான். 9ஐ விட 12 பெரிது என்று நினைத்து வங்கியை விட்டுவந்தால் நான்கு ஆண்டுகளில் 76,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். எந்த இடத்தில் கடன் கேட்டாலும் வட்டி விகிதத்தை மட்டும் கேட்காமல், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி மாதச் செலவு. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 11 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டீசலுக்கு மட்டும் பத்தாயிரம் ஆகிறது. இன்சூரன்ஸுக்கு 2,500, டயர், சர்வீஸ், எதிர்பாராத பழுது ஆகியவற்றுக்கு 5,000 ஒதுக்கினால், தவணையோடு சேர்த்து 40,000ஐத் தாண்டுகிறது. இன்று வாடகைக்கும் பைக் பெட்ரோலுக்கும் சேர்த்து நீங்கள் செலவிடுவது 22,000. கைநழுவும் இரண்டு வேலைகளைப் பிடித்தாலும் 8,000தான் கூடுதலாக வரும். மாதம் பத்தாயிரம் ரூபாய் எங்கிருந்து வரும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

கேம்பருக்கு 2 லட்சம் கையிலிருந்து போட்டு, 4 லட்சத்தை 12 சதவீதக் குறையும் வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தால் தவணை 13,286 ரூபாய். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கணக்கில் டீசலுக்கு 8,600, மற்றவற்றுக்கு 6,500 சேர்த்தால் மாதம் 28,400. வாடகை மிச்சமும் புதிய வேலைகளும் சேர்ந்து 30,000 வருவதால் கணக்கு நேராகிறது. அதைவிட முக்கியமாக, வைப்பு நிதியில் 2 லட்சம் தங்குகிறது. தேங்காய் விற்ற பிறகுதான் தோட்டக்காரர் பணம் தருவார். ஆனால் மோட்டாரும் கேபிளும் நீங்கள் கடையில் முன்பணம் கொடுத்து எடுக்க வேண்டியவை. அந்த இடைவெளியைத் தாங்கும் பணத்தை வண்டியில் முடக்கினால், வாசலில் வண்டி நிற்கும், வேலைக்குப் பொருள் இருக்காது.

கேம்பர் மஞ்சள் போர்டு (வணிகப் பதிவு) வண்டி என்பதால் சில கூடுதல் கடமைகள் உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் (விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கான) இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டுமே, 2022 ஜூன் மாத அறிவிப்பின்படி, வரி நீங்கலாக 16,049 ரூபாய். நான் மாதம் 2,500 என்று ஒதுக்கியது இதை மனத்தில் வைத்துத்தான். எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். 2019 மாடலுக்கு அந்தக் கெடு 2027இல் வந்துவிடும் என்பதை விலை பேசும்போது சொல்லுங்கள். வெள்ளை போர்டு (சொந்தப் பயன்பாட்டுப் பதிவு) வண்டியில் தொழில் சரக்கு ஏற்றி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. பெரும்பாலும் வெள்ளை போர்டில் வரும் வி-கிராஸுக்கு நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேம்பரைப் பார்க்க, அதிகாலையில், முன்னறிவிப்பில்லாமல் போங்கள். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், முன்பே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின் முதல் சாவியிலேயே பிடிக்க வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை பொங்கி வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த வேலையின் செலவை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டறிந்த பிறகே விலை பேசுங்கள். பின் தட்டுக்குக் கீழே படுத்து, சேஸிஸில் துருவோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கு மெக்கானிக்குக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் வீணாகாது.

ஆவணங்களில் ஆர்.சி.யில் முந்தைய கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று), கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பாக்கி அபராதங்களைப் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டுப் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தானதும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. பாலிசி எடுக்கும்போது உங்கள் மூன்று ஆட்களையும் ஊழியர்களாகச் சேர்த்து, அதற்கான சிறு கூடுதல் பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள். அவர்கள் கேபினுக்குள் மட்டுமே உட்கார வேண்டும். மோட்டார் இருக்கும் பின் தட்டில் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.