பாஸ்வேர்டு சரி, ஆனா திரும்ப லாகின் ஸ்கிரீனே வருது

கேள்வி: எங்க லேப்ல எல்லாரோட ஹோம் டைரக்டரியும் சர்வர்ல இருக்கு, லினக்ஸ் மெஷின்ல என்எஃப்எஸ் (சர்வர் ஃபோல்டரை நெட்வொர்க்ல பகிர்ற முறை) வழியா மவுண்ட் ஆகுது. ரெண்டு மூணு பேருக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டதும் ஸ்கிரீன் ஒரு செகண்ட் கருப்பாகி மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்துடுது. அவங்களே கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி கன்சோல்ல போனா ஜம்முனு உள்ள போகுது. பாஸ்வேர்டு மாத்தியும் பாத்தாச்சு, என்ன பண்றது?

பதில்: பாஸ்வேர்டை விட்டுடுங்க, கன்சோல் உள்ள விட்டுச்சுன்னாலே அது சரிதான். கன்சோல்ல கமாண்டை வாங்கி ஓட்டற பேஷுக்கு ஹோம்ல இருக்கறத படிக்க முடிஞ்சா போதும், டெஸ்க்டாப் அப்படி இல்ல, கண்ணு முழிக்கும்போதே ஹோமுக்குள்ள குட்டி குட்டியா ஃபைல் எழுத ஆரம்பிச்சிடும், அது முடியலன்னா செஷன் அங்கயே படுத்துடும். சிலருக்கு மட்டும்தான்னு சொல்றீங்க, அதனால எனக்கு முதல் சந்தேகம் கோட்டா மேலதான், அதாவது ஒவ்வொருத்தருக்கும் சர்வர்ல ஒதுக்கின இட அளவு.

அவங்க ஐடியிலயே கன்சோல்ல போய் ஒரு ஃபைல்ல நாலு வரி எழுதி சேவ் பண்ணி பாருங்க. காலி ஃபைல் உருவாக்கற டச் கமாண்டை மட்டும் போட்டு ஓகேன்னு விட்டுடாதீங்க, கோட்டா நிரம்பியிருந்தாலும் காலி ஃபைல் உருவாகிடும். ரூட்டா போயும் டெஸ்ட் பண்ணாதீங்க, ரூட் ஸ்குவாஷ்ங்கற என்எஃப்எஸ் செட்டிங் இருந்தா சர்வர் ரூட்டை நோபடிங்கற அதிகாரமில்லாத யூசரா ஆக்கிடும், நல்லா இருக்கற ஹோம்லயும் பெர்மிஷன் டினைட் வரும் (நான் இதுல அரை நாள் சுத்தியிருக்கேன்). உங்க லாகின் ஸ்கிரீன் புரோகிராம் லைட்டிஎம்னா, ஹோம்ல டாட் எக்ஸ்அத்தாரிட்டிங்கற (ஸ்கிரீனை பயன்படுத்த அனுமதி வெச்சிருக்கற) ஃபைல் சைஸ் 0-ன்னு கிடக்குதான்னு பாருங்க, கிடந்தா திருடன் மாட்டிக்கிட்டான், டாட் கேஷ் ஃபோல்டரை காலி பண்ணிட்டு அந்த ஃபைலையும் அழிச்சுடுங்க. எரர் லாகும் ஹோம்லதான் எழுதப்படும்ங்கறதால அதுவும் காலியா இருக்கலாம், சிஸ்டம் லாகை காட்டற ஜர்னல்சிடிஎல் கமாண்ட்ல தேடுங்க.

இடம் இருக்குன்னா எல்எஸ் மைனஸ் எல்என் போட்டு ஓனர் நம்பரும் ஐடி கமாண்ட் காட்டற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. எப்பவாவது சூடோவோட கிராஃபிக்கல் புரோகிராம் ஓட்டியிருந்தா லோக்கல் ஹோம்ல அந்த எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் ரூட் பேர்ல மாறிடும், உங்களுக்கு என்எஃப்எஸ்ங்கறதால அது கொஞ்சம் அபூர்வம்.

நாளைக்கு எல்லாருக்குமே இப்படி ஆச்சுன்னா, அதுவும் ஃபெடோரா, ரெட்ஹேட்ல, எஸ்இலினக்ஸ்ங்கற பாதுகாப்பு அமைப்புல யூஸ்_என்எஃப்எஸ்_ஹோம்_டிர்ஸ்னு ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் செட்டிங்) இருக்கு, அது ஆன்ல இருக்கான்னு பாருங்க.

லாகின் ஆகுது ஆனா க்னோம் செட்டிங்ஸ் நிக்கலன்னா அது க்னோம் செட்டிங்ஸை சேமிக்கற டிகான்ஃப் தொல்லை, அதோட டேட்டாபேஸ் ஃபைலுக்கும் என்எஃப்எஸ்ஸுக்கும் ஒத்துப்போகாது. /etc/dconf/profile/user ஃபைல்ல முதல் வரியா service-db:keyfile/user-ன்னு போட்டுட்டா டெக்ஸ்ட் ஃபைலா எழுதும், ஆனா லாக்அவுட் பண்ணி திரும்ப வந்தாதான் தெரியும்.