18 ஜிபி, அதே விலை: கிராபிக்ஸ் கார்டு வதந்தியை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: என்னிடம் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் இருக்கிறது. புதிதாக, படம் கூடுதல் தெளிவாகத் தெரியும் 1440பி மானிட்டர் வாங்கினேன், கார்டு திணறுகிறது. ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் ‘5070 சூப்பர் வரப்போகிறது, 18 ஜிபி மெமரி, அதே விலை’ என்று ஒரு பேச்சு. ‘மெமரி விலை ஏறிவிட்டது, எல்லா கார்டும் விலை கூடும்’ என்று இன்னொரு பேச்சு. எதை நம்புவது? இப்போதே வாங்கவா, காத்திருக்கவா?

பதில்: உங்கள் கேள்விக்குள் பெயர், மெமரி அளவு, விலை என்று மூன்று வதந்திகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மெமரி பற்றிய பேச்சில் பெரும்பாலும் சரக்கு இருக்கும். பெயரைப் பாதி நம்பலாம். விலையைப் பற்றிய பேச்சில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் சொல்லும் நாளில் அந்த விலை நிறுவனத்துக்குள்ளேயே முடிவாகியிருக்காது.

ஒரு கார்டு கடைக்கு வரும் வழியைப் பாருங்கள். சிப்பின் வடிவமைப்பு பல மாதங்களுக்கு முன்பே முடிந்து ஆலைக்குப் போய்விடும். அதன் பிறகு மெமரி பஸ்ஸின், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு ஓடும் பாதையின், அகலத்தை யாராலும் கூட்ட முடியாது. அந்தச் சிப்பை வைத்துக் கார்டு தயாரிக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்கு இந்த விவரமெல்லாம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். எத்தனை வாட் இழுக்கும், எவ்வளவு சூடாகும் என்று தெரியாமல் மின்விசிறியைக்கூடத் தேர்வு செய்ய முடியாது. இத்தனை கை மாறும் தகவல் கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெயர் அப்படியல்ல, அது பெட்டியில் ஒட்டும் தாள். விலை அதைவிட லேசானது. மேடையில் திரையில் காட்டும் ஓர் எண். முந்தின இரவு வரை மாற்றலாம்.

மேடையில் சொன்ன பிறகும் மாறியிருக்கிறது. 2022 செப்டம்பர் 20 அன்று, உங்கள் ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் வரிசைகளின் சொந்தக்காரரான என்விடியா ‘ஆர்டிஎக்ஸ் 4080’ என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபி கார்டுக்கு 1,199 டாலர், 12 ஜிபி கார்டுக்கு 899 டாலர். மெமரி மட்டும்தான் குறைவு என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் உள்ளே சிப்பே வேறு. கணக்குப் போடும் சிறு அலகுகளான கூடா கோர்கள் பெரியதில் 9,728, சிறியதில் 7,680. பஸ் அங்கே 256 பிட், இங்கே 192 பிட். எதிர்ப்புக் கிளம்பியது, அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டை நிறுவனமே திரும்பப் பெற்றது. அதே சிப், அதே கோர் எண்ணிக்கை, அதே 12 ஜிபி, 2023 ஜனவரியில் ‘4070 டிஐ’ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை, பெயர் மாறியதும் நூறு டாலர் இறங்கியது. அதிகாரபூர்வ அறிவிப்பின் கதியே இது என்றால், மூன்று மாதம் முன்பே வந்த ‘லீக்’ எம்மாத்திரம்?

இந்தப் பெயர் விளையாட்டு புதிதுமல்ல. ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வந்தன. மெமரியோடு கோர்களும் 1,280-லிருந்து 1,152-ஆகக் குறைந்திருந்தன. பெயரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நானும் சூடுபட்டவன்தான். 2018-ல் ‘ஜிடிஎக்ஸ் 1180’ வருகிறது என்று ஊரே பேசியது. 1080-ஐ வாங்காமல் காத்திருந்தேன். ஆகஸ்டில் அறிவித்ததோ ஆர்டிஎக்ஸ் 2080. எண் மட்டுமல்ல, முன்னால் இருக்கும் எழுத்தே மாறிவிட்டது. 1080 அறிமுகமானபோது 599 டாலர், இது 699-ல் தொடங்கியது.

என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் கதை இன்னும் சுவையானது. 2018 கடைசியில் ‘ரேடியான் ஆர்எக்ஸ் 3080, 249 டாலர்’ என்ற பட்டியல் காட்டுத்தீயாகப் பரவியது. 2019-ல் வந்த கார்டின் பெயர் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி. ஜூனில் அறிவித்த விலை 449 டாலர். ஜூலை முதல் வாரத்தில் என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 2060, 2070 கார்டுகளின் ‘சூப்பர்’ பதிப்புகளை அறிவித்ததும், விற்பனைக்கு இரண்டு நாள் இருக்கையில் ஏஎம்டி அதை 399-ஆகக் குறைத்தது. 2025-லும் இதேதான் நடந்தது. மாதக்கணக்கில் ‘8800 எக்ஸ்டி’ என்று பேசப்பட்ட கார்டு, ஜனவரியில் ‘9070 எக்ஸ்டி’ ஆனது. போட்டியாளரின் 70 வரிசையோடு ஒப்பிட வசதியாக எண்ணை மாற்றிக்கொண்டார்கள். பிறகு ‘விலை 899 டாலர்’ என்று ஒரு புரளி. அப்படியொரு தொடக்க விலை திட்டத்திலேயே இருந்ததில்லை என்று ஏஎம்டி தரப்பே மறுக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி 28 அன்று சொன்ன விலை 599 டாலர். அதற்கு முந்தைய மாதம்தான் என்விடியா 5070 டிஐக்கு 749 டாலர் என்று அறிவித்திருந்தது.

இரண்டு பேர் சீட்டாடுகிறார்கள், எதிராளி இறக்கும்வரை தன் சீட்டைக் காட்ட இருவருக்கும் மனமில்லை. விலை இப்படித்தான் முடிவாகிறது. கார்டு தயாரிக்கும் கூட்டாளிகளுக்கே கடைசியில்தான் தெரியும். 2022-ல் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு விலகிய ஈவிஜிஏ நிறுவனத்தின் மனக்குறைகளில் ஒன்று, விலையை மேடையில் அறிவிக்கும்போதுதான் தங்களுக்கும் தெரியவருகிறது என்பது. அவர்களுக்கே தெரியாத எண், முகம் தெரியாத ஒருவருக்கு எப்படித் தெரியும்?

இனி 18 ஜிபி. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், மனக்கணக்கு போதும். ஒவ்வொரு மெமரி சிப்பும் பஸ்ஸில் 32 பிட் எடுத்துக்கொள்ளும். 5070-ன் பஸ் 192 பிட். 32-ஆல் வகுத்தால் 6 சிப். இப்போது ஒவ்வொன்றும் 2 ஜிபி, ஆக 12. 5070-ல் இருக்கும் ஜிடிடிஆர்7 வகை மெமரியில் 3 ஜிபி சிப்பும் உண்டு. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 5090 அதை வைத்துத்தான் 256 பிட் பஸ்ஸில் 24 ஜிபி காட்டுகிறது. ஆறு மூன்று பதினெட்டு. ஆகவே அந்த வதந்தி தொழில்நுட்ப ரீதியாகப் பொருந்துகிறது. ‘192 பிட், 16 ஜிபி’ என்று யாராவது சொன்னால் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். பலகையின் இரு பக்கமும் சிப் வைத்து மெமரியை இரட்டிப்பாக்கும் வழியும் உண்டு. 128 பிட் கொண்ட 5060 டிஐயில் 8, 16 என்று இரண்டு அளவு இருப்பது அதனால்தான். அந்தக் கணக்கிலும் 192 பிட்டுக்கு 24 வருமே தவிர 16 வராது. கணக்கு சரியாக வருவதால் கார்டு கட்டாயம் வரும் என்றும் ஆகிவிடாது. தயாரித்து, சோதித்து, அலமாரியிலேயே வைத்துவிட்ட கார்டுகளும் உண்டு.

அரசு அமைப்புகளில் பதிவான பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். எது தேவைப்படுமோ என்று கூட்டாளி நிறுவனங்கள் பத்துப் பெயரை ஒரே மூச்சில் பதிந்துவைக்கும். அதில் எட்டு வெளியே வராமலே போகலாம். கடைத் தளத்தில் முன்கூட்டியே தெரியும் விலை பெரும்பாலும் இடம் நிரப்ப யாரோ தட்டிவைத்த எண்.

நீங்கள் கேட்ட இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதுவதைக் கவனித்தீர்களா? மெமரி விலை ஏறியது உண்மை. ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025-ன் பிற்பகுதியிலிருந்தே ஏற்றம்தான். இது ரகசியமல்ல, சந்தையில் எவரும் பார்க்கக்கூடியது. மெமரி கிடைப்பதே அரிதாகிவிட்ட நேரத்தில், ஒன்றரை மடங்கு மெமரியை அதே விலைக்குத் தருவார்கள் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்றால் நான் விலையேற்றத்தின் பக்கம்.

அறிவித்த விலை வேறு, கடையில் நீங்கள் கொடுக்கும் விலை வேறு என்பதும் நினைவிருக்கட்டும். மேடையில் சொல்லும் டாலர் விலையில் வரி சேராது. 2020-ல் 699 டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3080, மறு ஆண்டு சந்தையில் இரண்டு மடங்குக்கும் மேல் விற்றது. 599 டாலர் 9070 எக்ஸ்டியும் முதல் சரக்கு தீர்ந்ததும் மாதக்கணக்கில் அந்த விலைக்கு அகப்படவில்லை. எனவே அந்த சூப்பர் கார்டு நல்ல விலையில் அறிவிக்கப்பட்டாலும், முதல் சில வாரங்கள் அந்த விலைக்கு உங்கள் கையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 6 ஜிபி கார்டில் 1440பி ஓட்டுகிறீர்கள். சிரமம் இன்றைக்கே இருக்கிறது. வெளியீட்டுத் தேதியை நிறுவனமே சொல்லியிருந்தால் காத்திருக்கலாம், அதுவும் ஓரிரு மாதத்துக்குள் இருந்தால். அப்படி ஒரு தேதி வராதவரை, வாங்குவதைத் தள்ளிப்போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 18 ஜிபி மேல் ஆசை வந்ததே 12 போதாது என்ற பயத்தால்தான் என்றால், ஆர்எக்ஸ் 9070-ஐயும் பாருங்கள். 16 ஜிபி, 256 பிட். அறிமுக விலையும் 5070-ஐப் போலவே 549 டாலர். மெமரி முந்தைய தலைமுறை ஜிடிடிஆர்6 என்றாலும் விளையாட்டு வேகத்தில் அது சளைத்ததல்ல. ஏஐ மூலம் படத்தைத் தெளிவாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வேண்டும், அதன் கூடா தொழில்நுட்பத்தைக் கேட்கும் மென்பொருள் வேலையும் இருக்கிறது என்றால் 5070-லேயே நிற்கலாம். எதை வாங்கினாலும் திருப்பித் தரும் அவகாசம் உள்ள இடத்தில் வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் புது அறிவிப்பு வந்தால் வழி திறந்திருக்கும்.

வாங்குமுன் கேபினெட்டைத் திறந்து பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 1660 சூப்பர் 125 வாட் கார்டு. 450 வாட் சப்ளையே அதற்குப் போதும் என்பார்கள். 5070-க்கு 250 வாட் வேண்டும், என்விடியா சொல்லும் குறைந்தபட்ச சப்ளை 650 வாட். உங்களுடையது பழைய 450 என்றால் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.